எல்டர் பூவும் விரிசல் ஜாடியும்: வாங்குவோர் கேள்வி-பதில்

மே கடைசியிலிருந்து ஜூன் முழுக்க இங்கிலாந்தின் வேலியோரங்களில் எல்டர் என்ற சிறு மரம் வெள்ளையாகப் பூக்கிறது. அதைப் பறித்து வீட்டில் வைன் போடும் நம்மவர்கள் கூடிவிட்டார்கள். இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே அதைப் பற்றித்தான்.

கேள்வி: இணையக் கடையில் 42 பவுண்டுக்கு வைன் போடும் சாமான் வாங்கினேன். நாலரை லிட்டர் கண்ணாடி ஜாடி விரிசலோடு வந்தது. கூரியரிடம் கேட்கச் சொல்கிறார்கள். (ஹாரோ)

பதில்: கூரியரிடம் நீங்கள் ஏன் கேட்க வேண்டும்? பொருள் உங்கள் கைக்கு வரும்வரை கடைக்காரர்தான் பொறுப்பு என்கிறது 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். 30 நாளுக்குள் வேண்டாமென்று சொல்லி முழுப் பணத்தையும் கேட்கலாம். திருப்பி அனுப்பும் செலவும் அவருடையது. விரிசலைப் படம் பிடித்து, சட்டத்தின் பெயரையும் போட்டு எழுதுங்கள். பூ இருப்பதே சில வாரம். அதற்குள் இப்படி அலையவிடுவது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. மசியவில்லை என்றால் சொல்லுங்கள், அடுத்த கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் தான் போட்ட எல்டர் வைனை பாட்டில் 6 பவுண்டுக்குத் தருகிறார். வாங்கலாமா? (இல்ஃபர்ட்)

பதில்: வேண்டாம். வீட்டுக்குப் போட்டுக் குடிக்க உரிமம் தேவையில்லை. விற்க உரிமமும் வரியும் உண்டு.

கேள்வி: வைன் போடும் சாமான் பெட்டி (கிட்) வாங்கித்தான் போட்டேன். மூன்று வாரத்தில் குமிழி நின்றதும் பாட்டிலில் அடைத்தேன். அலமாரியில் இரண்டு வெடித்துவிட்டன. ஈஸ்ட் கெட்டதா? கிட்டில் ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடிக் குழல்) இல்லை. (டூட்டிங்)

பதில்: ஈஸ்ட் நல்ல ஈஸ்ட்தான். அதன் வேலை முடியும் முன் அடைத்துவிட்டீர்கள், ஆனால் குற்றம் உங்களுடையதல்ல. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறுவதில்லை. பெட்டிக்குள் வடிதுணி, தூரிகை, பூப்படம் போட்ட லேபிள் எல்லாம் இருக்கும். சில பவுண்டு விலையுள்ள அந்தக் கண்ணாடிக் குழல் மட்டும் இருக்காது. எல்டர் பூ தருவது மணம்தான். இனிப்பு நாம் போடும் சர்க்கரை, ஜாடிக்கு ஒரு கிலோ போல. அதை ஈஸ்ட் தின்று முடித்ததா என்பதைக் குமிழி சொல்லாது. அறை குளிர்ந்தாலே குமிழி நின்றுவிடும். மிச்சச் சர்க்கரை பாட்டிலுக்குள் புளித்து, கரியமில வாயு சேர்ந்து கண்ணாடியை உடைக்கிறது. தொடக்கத்தில் 1.085 காட்டிய குழல் 0.995 அளவுக்கு இறங்கி, சில நாள் அசையாமல் நின்றால்தான் அடைக்கலாம். அப்போது ஆல்கஹால் ஏறக்குறைய 12 சதவீதம்.

முதல் வருடம் நானும் இப்படி ஒரு பெட்டியும் மெல்லிய அலங்கார பாட்டில் ஆறும் வாங்கினேன். மூன்று வெடித்தன. பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கடையை இன்றும் நான் மன்னிக்கவில்லை.

மீதி பாட்டில்களைக் கையால் சும்மா தொடாதீர்கள். கையுறை, கண்ணுக்குக் காப்பு போட்டு, தடித்த துண்டால் போர்த்தி, குளிரவைத்து, அப்புறம் மூடியை மெல்லத் தளர்த்துங்கள்.

கேள்வி: ஆற்றோரம் வெள்ளைப் பூ பறித்துப் போட்டேன். தண்டில் ஊதாப் புள்ளிகள் இருந்தன. எல்டர் இல்லை என்கிறார் நண்பர். ஈஸ்ட் வாங்கிய காசு திரும்பக் கிடைக்குமா? (ரெடிங்)

பதில்: கிடைக்காது. அதைவிட முக்கியம், அத்தனையையும் உடனே கொட்டுங்கள். ஒரு வாய் குடித்திருந்தாலும் மருத்துவ உதவி கேளுங்கள். ஊதாப் புள்ளித் தண்டு ஹெம்லாக்காக இருக்கலாம், உயிரைக் கொல்லும் நஞ்சு. எல்டர் பட்டை உள்ள மரம், ஹெம்லாக் வெறும் செடி. காசு கொடுத்து ஈஸ்ட் வாங்கியவர் பூ எது என்று பார்த்திருக்க வேண்டாமா?

கேள்வி: உலர்ந்த எல்டர் பூ வாங்கினேன். வைக்கோல் வாடை, தேதியும் கடந்தது. பிரித்துவிட்டதால் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (லெஸ்டர்)

பதில்: பிரிக்காமல் எப்படி முகர்வது? ஹாரோ வாசகருக்குச் சொன்ன சட்டம் உங்களுக்கும்தான், பணத்தைக் கேளுங்கள். அடுத்த வருடம் பச்சைப் பூவே பறியுங்கள். தானாக வளர்ந்த பூவைச் சொந்தத் தேவைக்குப் பறிப்பது திருட்டு அல்ல என்கிறது 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம். விற்கப் பறித்தால் வேறு கதை. பூங்கா என்றால் அங்குள்ள விதியைப் பாருங்கள். பூவை மட்டும் உதிர்த்துப் போடுங்கள், இலையும் காம்பும் நஞ்சு.