அவனிடமே கேளுங்கள், தம்பி

அன்புள்ள அக்கா,

கோலாலம்பூர் செந்தூலில் நண்பனோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். வேலை போனதும் ஆலோங்கிடம், அதான் சட்டவிரோதமாக வட்டிக்கு விடுபவரிடம், கடன் வாங்கி மாட்டிக்கொண்டான். சில வாரமாக, "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்கிறான். உயிராக வைத்திருந்த உறுமியைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிட்டதாக ஆகாதா? நம் ஆள்களிடம் ஏன் தற்கொலை இவ்வளவு? அவனுக்கு ஒரு தன்னம்பிக்கை நூல் சொல்லுங்கள்.

கு., செந்தூல்

அன்புள்ள தம்பி,

உறுமியைக் கொடுத்துவிட்டான் என்று எழுதிய கையோடு புத்தகம் கேட்கிறீர்களே! உயிரான பொருளைக் கொடுத்துவிடுவது சாவை நினைப்பதன் அறிகுறியாக இருக்கலாம். நூல் எங்கேயும் ஓடிவிடாது. நம் ஆள்கள், பிற ஆள்கள் என்ற கணக்கும் இப்போது வேண்டாம்.

கேட்பதால் எண்ணம் முளைக்காது. ஏற்கெனவே இருந்தால், அதைத் தனியாகச் சுமப்பவனுக்கு மூச்சு விட ஓர் இடம் கிடைக்கும். "சொல்றவன் செய்யமாட்டான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொல்லிவிட்டுப் போனவர்கள் நிறைய.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். சில நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் வளர்ந்த அடுக்குமாடியில் ஓர் அக்கா உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். வார்டில் வாக்குமூலம் வாங்க போலீஸ்காரர் வந்து நின்றார். "சாப்பாடு ஒத்துக்கல சார்" என்று அவள் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பொய்யையே மாடிக்கு மாடி எல்லாரும் சொன்னோம். வீட்டுக்கு வந்தவளுக்குக் கோயிலில் மந்திரித்த கயிறு கட்டினார்கள், சம்பந்தம் பேச ஆரம்பித்தார்கள். என்ன நடந்தது என்று மட்டும் ஒருவர் கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்து அந்த அக்கா என்னிடம் சொன்னார்: "ஒருத்தராச்சும் கேட்டிருக்கலாம்ல."

அப்பாவையும் குறை சொல்ல முடியாது. அன்று மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இருந்தது. முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2023இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. சட்டம் போய்விட்டது, நம் வீடுகளில் இன்னும் அந்தப் போலீஸ்காரர் கட்டிலருகே நிற்கிறார். "வெளிய தெரிஞ்சா தங்கச்சிய யார் கட்டுவா" என்று இன்னும் எத்தனை பிள்ளைகளின் வாயை அடைப்போம்? முன்பு ஒருமுறை முயன்றவருக்குத்தான் ஆபத்து மிக அதிகம். அவரைத்தான் நாம் மூடி மறைக்கிறோம். எனக்கு ஆத்திரம் வருகிறது தம்பி.

இன்றைக்கே தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாடா?" ஆமாம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா, முன்பு முயன்றிருக்கிறானா என்றும் கேளுங்கள். அறிவுரை சொல்லாதீர்கள், "அம்மாவ நெனச்சுப் பாத்தியா" என்று குத்தாதீர்கள். வழி யோசித்து வைத்திருக்கிறான் என்றால் ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். அதற்கு உதவக்கூடிய பொருள்களை வீட்டிலிருந்து அகற்றிவிட்டு அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், இல்லையென்றால் 999. அந்த அளவு இல்லையென்றால் அரசாங்க கிளினிக் போதும். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான், அங்கிருந்து நிபுணரிடம் அனுப்புவார்கள். மனம் விட்டுப் பேச உதவும் தொலைபேசிச் சேவை கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். உங்களுக்கே கை நடுங்கினால் நீங்களும் அழைக்கலாம். கடனை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

டாக்டரிடம் போகும்போது கூடவே உள்ளே போங்கள். வாசலில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடிவிடாதீர்கள்.