காப்பியில் மிதந்த வண்டுகள்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் தாமாக முன்வந்து சேர்ந்த வீரர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?
– வாசகி, தென்காசி

பதில்: 1861 ஏப்ரலில் லிங்கன் 75,000 பேரை அழைத்தார், மூன்றே மாதத்துக்கு. போர் நான்கு ஆண்டு நீண்டது. சண்டையைவிட அணிவகுப்புப் பயிற்சியே அதிகம். சாப்பாடு, உப்பிட்ட பன்றி இறைச்சியும் ஹார்ட்டாக்கும். மாவையும் தண்ணீரையும் பிசைந்து சுட்ட கல் போன்ற பிஸ்கட் அது. துப்பாக்கிக் கட்டையால் உடைத்துச் சுடு காப்பியில் போட்டால் வண்டுகள் மிதக்கும். வழித்தெறிந்துவிட்டுக் குடிப்பார்கள்.

என் நெஞ்சைப் பிசைவது வேறு, அம்மா. அதுவரை ஊர் தாண்டாத பண்ணை வீட்டுப் பிள்ளைகள் முகாமில் தட்டம்மை கண்டு, ஒரு குண்டுச் சத்தமும் கேட்காமலே கண்மூடினார்கள். களத்தில் மாண்டவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்குப் பேரை அந்தப் போரில் நோய்தான் கொண்டுபோனது.