ஏழு நாளில் வெளுக்கும் க்ரீம்: விற்கலாமா, வாங்கலாமா?

கேள்வி: மேடம், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் காஸ்மெட்டிக்ஸ் பக்கம் நிற்கிறேன். ஏழே நாளில் கலர் தரும் என்று ஒரு வெளிநாட்டு க்ரீம் வந்திருக்கிறது. டப்பாவில் ஆங்கிலம்கூட இல்லை. ஆனால் நன்றாக ஓடுகிறது, டப்பாவுக்கு இவ்வளவு என்று இன்சென்டிவும் உண்டு. போன வாரம் வாங்கிப் போன ஒரு அக்கா முகமெல்லாம் சிவந்து திரும்பி வந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது. எதைப் பார்த்து நம்பி விற்பது? நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பதில் காலும் வீங்குகிறது.
— ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அந்த க்ரீமை விற்காதீர்கள் தங்கச்சி. இன்சென்டிவ் போனால் வீட்டுக் கணக்கு இடிக்கும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

ஏழு நாளில் முகம் வெளுக்கிறது என்றால், உள்ளே பாதரசமோ ஸ்டீராய்டோ (சிவப்பு, அரிப்பை அடக்கும் மருந்து) இருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பாதரசம் தோலில் நிறமி உண்டாவதைத் தடுக்கும், அதனால் சீக்கிரம் வெளுக்கும். ஆனால் அது தோலோடு நிற்காமல் உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளாவில் மலப்புரம் பகுதியில் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களில் பலர் இப்படி வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தது 2023இல் செய்தியானது. பூசியவரின் கையும் முகமும் படுவதால் வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்து. நம் நாட்டில் க்ரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தெரியாமல் கலந்திருந்தாலும் முகத்தில் பூசும் க்ரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

ஸ்டீராய்டு வேறு மாதிரி ஏமாற்றும். ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலியும், பரு வரும், பூனைமுடி அடர்த்தியாகும், வெயிலில் எரியும். நிறுத்தினால் முகம் முன்னைவிடச் சிவந்து போகும். பயந்துபோய் மறுபடி அதையே வாங்குவார்கள். நன்றாக ஓடுகிறது என்று நீங்கள் சொன்னதில் இப்படித் திரும்பி வருகிறவர்களும் இருக்கலாம். அந்த அக்காவை மறுபடி பார்த்தால், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். இன்னொரு க்ரீம் கொடுத்துச் சரிசெய்ய நீங்கள் முயல வேண்டாம்.

இனி எந்த டப்பா வந்தாலும் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, எம்.ஆர்.பி. இருக்க வேண்டும். உள்நாட்டுப் பொருள் என்றால் தயாரிப்பு லைசென்ஸ் நம்பர், வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவர் விவரமும் பதிவுச் சான்றிதழ் நம்பரும் இருக்க வேண்டும். விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தே ஆக வேண்டும். பாதரசத்தைக் குறிக்கும் மெர்குரி, கேலோமெல் என்ற சொற்கள் கண்ணில் பட்டாலும், ‘தங்கம், வெள்ளி நகையில் படக் கூடாது’ என்று எச்சரிக்கை போட்டிருந்தாலும் தொடவே தொடாதீர்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு மருந்து, ஃபேன்சி ஸ்டோரில் இருக்கக் கூடாத சரக்கு.

முதலாளியிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். பதிவில்லாத சரக்கை இறக்குமதி செய்தவர் மட்டுமல்ல, விற்கும் கடையும் சட்டத்தில் மாட்டும். கேட்கவில்லை என்றால் தேனாம்பேட்டையில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம்.

சரி, கலர் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது? இப்போது என்ன பூசுகிறீர்கள், எரிச்சல் உண்டா, வெயிலில் எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். முகம் மட்டும் கறுத்து, துணி மறைத்த கை கறுக்காமல் இருந்தால் அது பெரும்பாலும் வெயில் வேலை. எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 உள்ள சன்ஸ்க்ரீன் போதும். 50 போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் பாதுகாப்பு ஒரு சதவீதம்தான். விலையைவிட அளவு முக்கியம். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து முழுக்கப் பூச வேண்டும், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். எந்தப் புதுப் பொருளையும் முழங்கையின் உட்புறம் சில நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகச் சொல்லுங்கள். உங்களிடம் வருகிற அந்தப் பெண்களின் நிறத்தில் மாற்ற வேண்டிய குறை எதுவும் இல்லை. அதையும் வாய்விட்டுச் சொல்லலாம்.

நிற்பது பற்றி: 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஸ்டூல் கேட்பது உங்கள் உரிமை. தராவிட்டால் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம்.

கேள்வி: தொடை இடுக்கில் படர்தாமரை. மெடிக்கலில் கொடுத்த க்ரீம் போட்டால் இரண்டு நாளில் அரிப்பு அடங்குகிறது, விட்டால் இன்னும் பெரிதாக வருகிறது. மீன்பிடித் துறைமுகத்தில் வேலை, எப்போதும் ஈரம்தான்.
— ஒரு வாசகர், காசிமேடு

பதில்: அந்த ட்யூபில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம் அண்ணே. அரிப்பை அது அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது, பரவ விடும். 2018இலிருந்து வீரியமான ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. டாக்டர் தரும் பூஞ்சை மருந்தை, அரிப்பு நின்ற பிறகும் அவர் சொன்ன நாள் வரை போடுங்கள். வேலை முடிந்ததும் குளித்து, இடுக்கை நன்றாகத் துடைத்து உலர்ந்த பருத்தித் துணி உடுத்துங்கள். துண்டு, உள்ளாடையைத் தனியாகத் துவைத்து வெயிலில் போடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் சேர்ந்தே வைத்தியம் பாருங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கு மறுபடியும் ஒட்டும்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, கைகால் வெள்ளையாகப் பூத்துப் போகிறது. ஆயிரம் ரூபாய் மாய்ஸ்சரைசர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா அம்மா?
— ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: வேண்டாம். குளித்து மூன்று நிமிடத்துக்குள், ஈரம் இருக்கும்போதே கைகாலுக்கு வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், பரு வருகிறவர்களுக்கு அது அடைத்துக்கொள்ளும். சோப்பு உறையில் டி.எஃப்.எம்., அதாவது சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் அளவு, எவ்வளவு என்று பாருங்கள், 76 சதவீதமும் அதற்கு மேலும் முதல் தரம். ‘பேதிங் பார்’ என்று போட்டிருந்தால் அதில் குறைவாக இருக்கலாம். முடிந்தால் கடைசி ஒரு வாளியாவது மெட்ரோ தண்ணீரில் அலசுங்கள்.

கேள்வி: பெரம்பூரில் வாங்கிய சன்ஸ்க்ரீன் காலாவதியானது என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டோம் என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்களாம்.
— ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். திரும்ப எடுக்கப் பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். பில், டப்பாவில் தேதி உள்ள இடம் இரண்டையும் இன்றே படம் எடுத்து வையுங்கள். கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.