டிக்கெட் எடுத்த சில மணி நேரத்திலேயே ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா?

விமான டிக்கெட் எடுத்து ஒரு நாள்கூட ஆகாத நிலையில் தேதியைத் தவறாகப் பதிவு செய்துவிட்டது தெரிந்தால், முழுப் பணத்தையும் திரும்பப் பெற வழியுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வழியுண்டு, ஆனால் டிக்கெட்டை யாரிடம் வாங்கினீர்கள், பயணத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, எந்த நாட்டு விதி பொருந்துகிறது என்பவற்றைப் பொறுத்தே அது அமையும்.

‘24 மணி நேரத்துக்குள் இலவச ரத்து’ என்று பலர் உலகப் பொதுவிதிபோலச் சொல்வது பெரும்பாலும் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2012 முதல் நடைமுறைப்படுத்திவரும் விதியையே குறிக்கிறது. புறப்பாட்டுக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கையில் விமான நிறுவனத்திடமே நேரடியாக எடுத்த டிக்கெட்டை, பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் பிடித்தமில்லாமல் ரத்து செய்ய நிறுவனம் இடம் தர வேண்டும். அல்லது பணம் வாங்காமலே அதே கட்டணத்தில் 24 மணி நேரம் இருக்கையைப் பிடித்துவைத்துத் தர வேண்டும். இரண்டில் ஒன்றைத் தந்தால் போதும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவுக்கு வந்துபோகும் வெளிநாட்டு நிறுவனங்களையும் இந்த விதி கட்டுப்படுத்தும். பணம் திரும்பாது என்று அச்சிட்ட மலிவுக் கட்டண டிக்கெட்டுக்கும் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ, இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமையிலிருந்து பயணிகள் போக்குவரத்து விலக்கப்பட்டிருப்பதால், அங்கே நிறுவனத்தின் சொந்த நிபந்தனையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

நான் மாட்டிக்கொண்டது நள்ளிரவு விமானத்தில். 12.40-க்குப் புறப்படும் விமானம் என்றால் முந்தைய நாள் இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதை மறந்து, ஒரு நாள் தள்ளிப் பதிவு செய்துவிட்டேன். ஒரு மணி நேரத்திலேயே தவறு தெரிந்துவிட்டது. ஆனால் டிக்கெட் எடுத்தது ஓர் இடைத்தரகுத் தளத்தில் என்பதால், விமான நிறுவனத்தைக் கேட்டால் ‘வாங்கிய இடத்தில் கேளுங்கள்’ என்றார்கள். தளத்தைக் கேட்டால் தங்கள் சேவைக் கட்டணம் திரும்பாது என்றார்கள். ரத்துப் பக்கத்தில் ‘அடுத்த பயணத்துக்கு வரவு வை’ என்பது முன்கூட்டியே தேர்வாகியிருந்தது. ‘பணம் செலுத்திய அட்டைக்கே திருப்பி அனுப்பு’ என்பது அதற்குக் கீழே மங்கிய எழுத்தில் இருந்தது. அவசரத்தில் மேலே இருந்ததை அழுத்தியிருந்தால் அந்தப் பணம் ஒரே நிறுவனத்திடம் முடங்கிப்போயிருக்கும். அவசரப்படுபவரின் கண்ணில் படாதபடி இதை வைப்பது நியாயமே இல்லை என்று இன்றும் கருதுகிறேன்.

ஆகவே, தொலைபேசியில் வரிசை காத்து நேரத்தை இழக்காமல், இணையதளத்திலேயே உடனே ரத்து செய்யுங்கள். கெடு மறுநாள் நள்ளிரவு வரை நீளும் என்று எண்ண வேண்டாம்; பொதுவாகப் பதிவு உறுதியான நிமிடத்திலிருந்தே 24 மணி நேரம் ஓடத் தொடங்குகிறது. ரத்து உறுதியானதும் நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விதிப்படி கிரெடிட் கார்டில் செலுத்திய தொகை 7 வேலை நாட்களுக்குள் திரும்ப வேண்டும். அது வராதபோது வாதாட அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

பெயரில் ஓர் எழுத்து மட்டும் பிழையென்றால் ரத்து செய்யாதீர்கள். முதலில் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள்; ரத்து செய்து மறுபடி எடுப்பதற்குள் கட்டணம் ஏறியிருக்கக்கூடும்.