நடவு வயலும் கருந்துளையும்: கும்பகோணத்து இயற்பியல் வாத்தியாரிடம் கேட்டவை

மன்னார்குடி பி.எஸ்சி. மாணவி: சார், எண்களைக் குலுக்கிக் கட்டம் கட்டமாகப் போட்ட அணிக்கும் (மேட்ரிக்ஸ்) கருந்துளைக்கும் என்ன சம்பந்தம்?

எண்கள்தான் குலுக்கல், அணியிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஐகன் மதிப்புகள் என்ற சிறப்பு எண்கள் அப்படியில்லை அம்மா. கனமான அணுக்கருவின் ஆற்றல் மட்டங்களைக் கணக்கிட வழியில்லாமல் 1950களில் இயற்பியலாளர் விக்னர் இந்த அணிகளிடம் வந்தார். தெளித்து விதைத்த வயலில் நெல் அங்கங்கே குவியும். கைநடவில் கயிறு பிடித்த ஒழுங்கு இருக்காது, ஆனால் குத்துமேல் குத்து விழாது. ஐகன் மதிப்புகள் கைநடவு ஜாதி. ஒன்றையொன்று நெருங்க விடுவதில்லை. அணுக்கருவின் மட்டங்களும் அப்படியே. கருந்துளையின் மட்டங்களும் அப்படித்தான் என்று எதிர்பார்க்கிறோம்.

திருவாரூர் வாசகர்: கருந்துளையின் மட்டங்களை யார் அளந்தார்கள்?

யாரும் அளக்கவில்லை. குறைந்த ஆற்றலில் கருந்துளை மாதிரியே நடந்துகொள்ளும் எஸ்.ஒய்.கே. என்ற மாதிரி ஒன்று உண்டு. 1993இல் சச்தேவ், யே போட்ட விதை. 2015இல் கிதாயேவ் மாற்றி நட்டார். 2016இல் போல்சின்ஸ்கி உள்ளிட்ட குழு அதன் மட்டங்களைக் கணினியில் கணக்கிட்டு, அவற்றிலிருந்து கிடைக்கும் ஓர் அளவைக் காலத்தோடு வரைந்தது. கோடு சரிந்து, பள்ளம் விழுந்து, நேராக ஏறி, சமதளமாகிறது. அந்த ஏற்றம்தான் கைநடவின் அடையாளம்.

திருவையாறு ஆசிரியை: ஐன்ஸ்டீன் சமன்பாட்டில் இந்த அணி எங்கே?

வெளிப்படையாக இல்லை, அதுதான் அதிசயம். இடம் ஒன்று, காலம் ஒன்று என இரண்டே பரிமாணம் கொண்ட ஜே.டி. ஈர்ப்பு என்ற எளிய கோட்பாட்டில், துளை விழுந்த பரப்புகள் எல்லாவற்றையும் 2019இல் சாத், ஷெங்கர், ஸ்டான்ஃபோர்ட் கூட்டினார்கள். அத்தகைய பரப்புகளுக்குக் கணித மேதை மிர்சாகானி கண்ட கன அளவு சூத்திரம் கைகொடுத்தது. வந்த விடை ஓர் அணித் தொகையீடு! முன்னே சொன்ன ஏற்றத்தைத் தருவது இரண்டு எல்லைகளை இணைக்கும் குழாய் போன்ற புழுத்துளை. ‘இரட்டை டிரம்பெட்’ என்கிறார்கள். நாயனம் செய்யும் நரசிங்கம்பேட்டையில் கேட்டிருந்தால் இரண்டு நாயனத்தை ஊதும் சீவாளி முனையில் ஒட்டியது, அகன்ற அணசு இரண்டும் வெளிப்பக்கம் என்றிருப்பார்கள்.

நாகை வாசகர்: அப்படியானால் கருந்துளைக்குள் அணி எப்படி வந்தது என்ற புதிர் தீர்ந்ததா அண்ணே?

எங்கே தீர்ந்தது? தொகையீடு என்பது பல அணிகளின் சராசரி. பயிர்க் காப்பீட்டில் கிராமச் சராசரியைப் பார்த்து, விளைச்சல் பொய்த்த நம் வயலுக்குக் கணக்குச் சொல்வார்களே, அந்தக் கதை. ஒரு கருந்துளைக்கு ஒரே அணிதானே இருக்க வேண்டும்? தனித்தனி இரண்டு அமைப்புகளின் விடை பெருக்கலாகப் பிரியணும். புழுத்துளை பிரிய விடுவதில்லை. சராசரி நம் பார்வையின் மங்கல், இயற்கையின் குணமல்ல என்பது என் கட்சி. மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

மறுபடி மன்னார்குடி: நானே செய்து பார்க்க முடியுமா சார்?

தாராளமாக. கணினியில் குலுக்கிய எண்களால் 200 வரிசை, 200 நிரல் கொண்ட சமச்சீர் அணி. ஐகன் மதிப்புகளை வரிசைப்படுத்தி, நடுப்பகுதியின் இடைவெளிகளை மட்டும் எடு; ஓரத்தில் குழப்பும். பட்டை வரைபடம் போடு. பூஜ்யத்தருகே பட்டை தரையோடு கிடக்கும்; நெருங்க விடாத கைநடவு குணம் அதுதான்.