மறு: ஆட்டோரொட்டேஷன் இருந்தும் மரம் தூக்கும் ஹெலிகாப்டர்கள் ஏன் விழுகின்றன?

வணக்கம். எஞ்சின் நின்றாலும் ஆட்டோரொட்டேஷன் மூலம், அதாவது கீழிறங்கும்போது எதிர்ப்படும் காற்றே மேல் விசிறியைச் சுழற்ற, பத்திரமாக இறங்கிவிடலாம் என்று பாடத்தில் படித்த பிறகு, அலாஸ்காவில் வெட்டிய மரத்தடிகளைக் காட்டிலிருந்து தூக்கிய ஹெலிகாப்டர்களில் அத்தனை பேர் இறந்தது எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

பாடத்தில் உள்ளது சரிதான். ஆனால் அதற்குப் போதிய உயரமோ முன்னோக்கிய வேகமோ இருக்க வேண்டும். மரம் தூக்கும்போது இரண்டுமே இருப்பதில்லை. நீண்ட கம்பிவடத்தின் கொக்கியில் கீழே இருப்பவர்கள் தடியை மாட்டும் வரை ஹெலிகாப்டர் மர உச்சிகளுக்குச் சற்று மேலே அந்தரத்தில் நிற்கிறது. விமானி பக்கவாட்டில் சாய்ந்து, கீழே பார்த்தபடியே ஓட்டுகிறார். அந்நிலையில் எஞ்சின் நின்றால், சுமையை உடனே கழற்றிவிட்டாலும், விசிறியின் வேகத்தை மீட்க அவகாசமில்லை; இறங்க வெட்டவெளியும் இல்லை. ஹெலிகாப்டரின் உடல் சுழலாமல் தடுக்கும் வால் விசிறி முறிந்தால் நிலைமை இன்னும் மோசம்.

1992 ஜனவரி முதல் 1993 ஜூன் வரை தென்கிழக்கு அலாஸ்காவில் இவ்வேலையில் 6 ஹெலிகாப்டர்கள் விழுந்து 9 பேர் இறந்தனர். ஆறிலுமே இயக்கும் முறையிலோ பராமரிப்பிலோ தவறு இருந்ததாக அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது.

நீங்கள் பராமரிப்புத் துறை மாணவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு தடியைத் தூக்கும்போதும், எஞ்சினின் விசையை விசிறிக்குக் கடத்தும் கியர்பாக்ஸ் ஏறத்தாழ முழு முறுக்குவிசையை ஏற்று, இறக்கியதும் தளர்கிறது. இது நாள் முழுதும் ஓயாமல் நடப்பதால், பறந்த மணிகளை மட்டும் கணக்கிட்டுப் பாகங்களை மாற்றினால், உலோகச் சோர்வினால் வரும் விரிசல் அதற்கு முன்பே வந்துவிடக்கூடும். தூக்கிய தடவைகளின் எண்ணிக்கையையும் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.