போக்ஸ் என்ற ஐரிஷ் பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசை) குழு என்றாலே குடியையும் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டையும்தான் சொல்கிறார்கள். அதைத் தாண்டி என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. 1984 முதல் 1988 வரை அவர்கள் போட்ட மூன்று ஆல்பங்களைக் கேளுங்கள். எண்பதுகளில் லண்டனிலிருந்து வந்த பாட்டுகளில் இவ்வளவு நல்ல எழுத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

பலர் நினைப்பதுபோல இது அயர்லாந்திலிருந்து கிளம்பி வந்த குழு அல்ல. 1982இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில் சேர்ந்த கூட்டம். பாடகர் ஷேன் மெக்கோவன் ஐரிஷ் பெற்றோருக்கு இங்கிலாந்தின் கென்ட்டில் பிறந்தவர், சின்ன வயதில் அயர்லாந்தின் டிப்பரரியில் உறவினர் வீட்டில் பழைய ஐரிஷ் பாட்டுகளுக்கு நடுவே இருந்தவர். பான்ஜோ வாசித்த ஜெம் ஃபைனர், அக்கார்டியன் ஜேம்ஸ் ஃபியர்ன்லி, டின் விசில் என்ற சின்னத் தகரக் குழல் வாசித்த ஸ்பைடர் ஸ்டேசி எல்லாருமே இங்கிலாந்துக்காரர்கள். 1974இல் பர்மிங்காம் மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்து, பழி ஐரிஷ் ஆயுதக் குழுவின் மேல் விழுந்ததற்குப் பிறகு இங்கிலாந்தில் ஐரிஷ் பேச்சுவாடையே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. அந்த ஊரில், அந்தக் காலத்தில் மேடையேறி இந்தப் பாட்டுகளைக் கத்திப் பாட நிஜமாகவே துணிச்சல் வேண்டும்.

பங்க் என்றதும் கிதார் இரைச்சலை எதிர்பார்த்தால் முதல் ஆல்பத்தில் ஏமாந்து போவீர்கள். எலெக்ட்ரிக் கிதார் ஏறக்குறைய கிடையாது. ஆண்ட்ரூ ரேங்கன் இரண்டே டிரம்மை வைத்துக்கொண்டு நின்றபடி அடிப்பார், ஸ்பைடர் பியர் தட்டைத் தன் தலையிலேயே அடித்துத் தாளம் போடுவார், அதற்குமேல் பான்ஜோவும் அக்கார்டியனும் தலைதெறிக்க ஓடும். வேகத்திலும், மரபுப் பாட்டை மரியாதைக்காக மெதுவாக்க மறுத்ததிலும்தான் பங்க் இருந்தது. 1984இல் லண்டனின் பெரிய பங்க் குழுவான த கிளாஷுக்கு முன்னால் வாசிக்க இவர்களுக்கு இடம் கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை.

1985இல் ஆங்கிலப் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ தயாரித்த 'ரம் சோடமி அண்ட் த லாஷ்' என்ற இரண்டாவது ஆல்பம் வந்தது. பிழைக்க லண்டன் வந்த ஒரு பையன் தெருவில் உடம்பை விற்று, போலீஸிடம் அடிவாங்கி நாசமாவதை அதில் ஒரு பாட்டு சொல்கிறது. அழுகையும் இல்லை, உபதேசமும் இல்லை. மெக்கோவனை வெறும் குடிகாரர் என்று ஒதுக்குகிறவர்கள் அந்த ஒரு பாட்டையாவது வரிவரியாகக் கேட்கவேண்டும்.

அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டு, 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்', 1987 கடைசியில் வந்து பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது. அதை மெக்கோவனும் ஃபைனரும் சேர்ந்து எழுதினார்கள். முதலில் பாடுவதாக இருந்த பாஸ் வாசிப்பாளர் கேட் ஓரியர்டன் 1986இல் விலகிவிட்டதால் பாடகி கர்ஸ்டி மெக்கால் குரல் கொடுத்தார், இப்போது வேறு குரலை அதில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் அது இடம்பெற்ற 1988 ஆல்பத்தில் எனக்கு அதைவிட நெருக்கமானது குழுவின் கிதார் வாசிப்பாளர் ஃபிலிப் செவ்ரன் எழுதிய 'தௌசண்ட்ஸ் ஆர் செய்லிங்'. அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரிஷ்காரர்களைப் பற்றியது. மெக்கோவன் ஒருவரே குழு என்கிறவர்களுக்கு அந்தப் பாட்டே பதில். அதே ஆல்பத்தில், அந்த பர்மிங்காம் குண்டுவெடிப்பு வழக்கில் ஆறு பேரைத் தவறாகச் சிறைவைத்திருக்கிறார்கள் என்று ஒரு பாட்டு பாடினார்கள், அதை ஒலிபரப்பக்கூடாது என்று தடைபோட்டார்கள். 1991இல் நீதிமன்றம் அந்த ஆறு பேரின் தண்டனையை ரத்து செய்தது.

அப்புறம் சரிவுதான். குடியைக் கொண்டாடிப் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும், ஏனென்றால் அது மெக்கோவனின் எழுத்தைத்தான் தின்றது. 1991இல் ஜப்பான் பயணத்தின்போது குழுவே அவரை விலக்கியது. அவர் இடத்தில் கொஞ்ச காலம் கிளாஷின் ஜோ ஸ்ட்ரம்மர் பாடினார், பிறகு ஸ்பைடர் பாடினார், 1996இல் கலைந்தார்கள். 2001இல் மெக்கோவனோடு மறுபடி சேர்ந்து 2014 வரை மேடையேறினார்கள், புது ஆல்பம் எதுவும் போடவில்லை. மெக்கோவன் 2023 நவம்பர் 30இல் காலமானார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 1988 ஆல்பமான 'இஃப் ஐ ஷுட் ஃபால் ஃப்ரம் கிரேஸ் வித் காட்' உடனே பிடித்துப்போகும். அதற்கப்புறம் 1985 ஆல்பத்துக்குப் போங்கள், பாட்டுவரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மெக்கோவனின் உச்சரிப்பு முதலில் பிடிபடாது.